வார்டனுக்கு ஒரு காரணம்

1979 மார்ச் 9, வெள்ளிக்கிழமை. ஸ்டேஷன் ரோட்டுத் தியேட்டரில் மாலைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தபோது பார்வையாளர் ஒருவர் எறிந்த செருப்பு பட்டு, திரை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது. மறுநாள் காலை அதைத் தைத்து, மேலே வெள்ளை பூசினார்கள்.

செருப்பு குறிபார்த்து எறியப்பட்டது ஒரு முகத்தின் மேல். அனாதை விடுதி ஒன்றின் வார்டன் அவன். படுக்கையை நனைத்துவிட்ட பிள்ளைகளைக் காதைப் பிடித்து இழுத்துப் போய்ச் சாமான் அறையில் தள்ளிப் பூட்டுவான். பூட்டிவிட்டுப் போய்விட மாட்டான். வெளியே நின்று சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றுவான். அப்புறம் சிரிப்பான். தொண்டையில் கிளம்பி, மூக்கில் ஏறி, வெட்டினாற்போல் நின்றுவிடுகிற சிரிப்பு. அந்தப் படத்தின் கதாநாயகன் யார் என்று இன்றைக்குக் கேட்டால் பாதிப் பேர் தலையைச் சொறிவார்கள். வார்டனை மறந்தவர் யாரும் கிடையாது.

அந்த வேடத்தில் நடித்தவருக்கு அதற்குப் பிறகு வேறு பெயர் இல்லாமல் போனது. வீட்டுக்காரர், காய்கறிக்காரி, பல் டாக்டர், எல்லோருக்கும் அவர் வார்டன்தான். அவருடைய சொந்தப் பெயருக்குத் தபால் வந்தால், "அப்படி ஒருத்தர் இந்தத் தெருவிலேயே இல்லை" என்று சொல்லி அக்கம்பக்கத்தார் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இத்தனைக்கும் வீட்டுக்குள் வந்த கரப்பான்பூச்சியைக் காகிதத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய் விடுகிற மனிதர். நாடகத்தில் இருந்த காலத்தில் நன்றாகப் பாடுவார். சினிமாவில் ஒரு பாட்டுக்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. நாற்பது வருஷம் வில்லன், வில்லனின் அண்ணன், வில்லனின் வக்கீல் என்று போயிற்று. உடம்பு தளர்ந்த பிறகு கடைத் திறப்பு விழாக்கள். ரிப்பன் வெட்டியதும் கூட்டம் கேட்கும்: "சார், அந்தச் சிரிப்பு!" பையிலேயே சாவிக்கொத்து வைத்திருந்தார். சுழற்றுவார், சிரிப்பார், வீட்டுக்கு வந்து சுக்குத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார்.

படம் வந்தபோது அவருடைய ஒரே மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பாப்பா என்று கூப்பிடுவார். பாப்பாவுக்கு இப்போது காதோரம் நரைத்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறாள். ஆனாலும் அவருக்குப் பாப்பாதான். அவள்தான் அவரை அப்பா என்று கூப்பிட மாட்டாள். ஏழெட்டு வயதிலிருந்தே அப்படி. அவரிடம் பேச வேண்டியது எதுவானாலும் அம்மா வழியாகத்தான் வரும். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

"அவரை உப்பு எடுத்துக் கொடுக்கச் சொல்லும்மா."

"உப்பு எடுத்துக் கொடுப்பீங்களாம்."

அவர் உப்பை மனைவியிடம் கொடுப்பார். மனைவி மகளிடம் கொடுப்பாள். கல்யாணமாகிப் போன பிறகும் தொலைபேசியில் இதே கதைதான். ஏன் என்று மனைவிக்கும் தெரியாது. "உங்க மூஞ்சியை ஊரே வெறுக்குது, பிள்ளைக்கு மட்டும் இனிக்குமா?" என்பாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

மனைவி நோயில் விழுந்து, மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆறாவது மாடியில் கிடந்தபோதுதான் அந்த ஏற்பாடு முறிந்தது. நடுவில் நின்று பேச்சைக் கடத்திக்கொடுத்தவள் மூச்சுக் குழாயோடு படுத்திருந்தாள். அப்பாவும் மகளும் தாழ்வாரத்து நாற்காலிகளில் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் அன்றைக்கு மட்டும் மூன்று தடவை கீழே மருந்துக்குப் போய், ஒவ்வொரு தடவையும் படியேறி மூச்சிரைக்க வந்தாள்.

அவர் காற்றைப் பார்த்துச் சொன்னார்: "லிஃப்ட் இருக்கே."

"லிஃப்ட்ல போக மாட்டேன்."

"ஏன்?"

அவள் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம் பேசினாள், அவரைப் பார்க்காமல், எதிர்ச்சுவரைப் பார்த்து.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சாமான் அறை ஒன்று இருந்தது. படம் வந்த மாதம், வகுப்புப் பிள்ளைகள் அவளை அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டார்கள். உங்கப்பா எங்களைப் பூட்டினார், நாங்க உன்னைப் பூட்டுறோம். பென்சில் டப்பாவைச் சாவிக்கொத்து மாதிரிக் குலுக்கினார்கள். ஒவ்வொருவராக அவருடைய சிரிப்பைச் சிரித்துக் காட்டினார்கள். மணி அடித்ததும் ஓடிவிட்டார்கள். விளையாட்டு மும்முரத்தில் அவளை மறந்தே போனார்கள்.

"உள்ள இருட்டு. கதவுக்கு அடியில மட்டும் ஒரு கோடு மாதிரி வெளிச்சம். தரையில படுத்து விரலை அதுல நீட்டிக்கிட்டேன். நகத்து மேல வெயில் பட்டுச்சு. விரலாவது வெளிய இருக்கட்டும்னு அப்படியே கிடந்தேன். கூட்டுற அம்மா ஒருத்தங்க வந்தாங்க. முதல்ல பல்லின்னு நினைச்சு விளக்குமாத்தால தட்டினாங்க." அவள் லேசாகச் சிரித்தாள். "அப்புறம் திறந்துட்டாங்க. முட்டியெல்லாம் கழுவிவிட்டாங்க."

"வீட்ல சொல்லலையே பாப்பா."

"என்னன்னு சொல்றது? அந்தச் சிரிப்பு உங்களுதுதானே." பிறகு, "அம்மாகிட்டகூட சொன்னதில்லை. உங்க மாப்பிள்ளைக்கும் தெரியாது. இப்ப ஏன் சொல்றேன்னும் தெரியலைப்பா" என்றாள்.

கடைசியில் வந்த அந்த 'ப்பா'வை அவர் பத்திரமாக எடுத்துக்கொண்டார். மனைவி அந்த வாரமே இறந்துபோனாள். அவளை எடுத்துக்கொண்ட அதே வாரம் மகளைத் திருப்பிக் கொடுத்தது என்று பின்னால் நினைத்துக்கொள்வார், நினைத்ததற்காக வெட்கப்படுவார்.

சில விஷயங்கள் அதற்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தன. மகள் வந்தால் குளியலறைத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்காது. கதவுக்கு முட்டுக்கொடுத்து வாளியை நகர்த்தி வைக்கிற சத்தம்தான் கேட்கும். பஸ்ஸிலும் ஹாலிலும் வாசலோரமாகத்தான் உட்காருவாள். இதையெல்லாம் நாற்பது வருஷம் அவர் பிடிவாதம் என்று நினைத்திருந்தார்.

ஞாயிறுதோறும் அவள் வரத் தொடங்கினாள். அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவருவாள். காலைக்கு, இரவுக்கு என்று டப்பாவில் பிரித்துப் போட்டுவிட்டு, "போன வாரம் ரெண்டு மிச்சம் இருக்கு. யாரை ஏமாத்துறீங்க?" என்பாள். டீ குடித்துவிட்டுப் போவாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக அவர் சனிக்கிழமையே முகம் மழித்துக்கொள்வார்.

கீழ்வீட்டில் இருந்த அடிவாங்கி இதைக் கண்டுபிடித்துவிட்டார். அடிவாங்கி பழைய சண்டைக் கலைஞர். கதாநாயகர்களிடம் உதைபட்டு மாடியிலிருந்து விழுவதே தொழிலாக இருந்ததால் அந்தப் பெயர். "என்னய்யா, ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்களா? மழமழன்னு இருக்கே?" என்பார்.

இப்படி ஒரு வருஷம் ஓடிய பிறகு டைரக்டர் வந்தார்.

முப்பது வயதைத் தாண்டாத ஆள். ஒரு படம் எடுத்து, அது ஓடியும் இருந்தது. வார்டனின் காலைத் தொடாத குறையாகக் கும்பிட்டார். பழைய படத்தின் உரிமையை வாங்கிவிட்டாராம். அதே விடுதி, அதே வார்டன். ஆனால் இந்தத் தடவை வார்டன்தான் கதாநாயகன். "வில்லன்னு எவனும் பொறக்கிறதில்லை சார். அந்த ஆளுக்குள்ள போய்ப் பார்க்கப்போறோம்." வார்டனாக நடிக்கப் போவது அப்போது உச்சத்தில் இருந்த நடிகர். "நீங்க எங்களோட உட்கார்ந்து பேசினாப் போதும் சார். உங்களைவிட அந்த ஆளைத் தெரிஞ்சவங்க யாரு?"

கதை விவாதம் ஒரு வாடகை வீட்டின் கூடத்தில் நடந்தது. தரையில் ஜமக்காளம், சுற்றிலும் காலி டீ டம்ளர்கள், உதவி டைரக்டர்கள் நாலைந்து பேர். சுவரில் சின்னச் சின்ன அட்டைகளைக் காட்சிவாரியாக ஒட்டியிருந்தார்கள். நட்டநடுவில் ஓர் அட்டையில் 'ஏன்?' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இதுதான் சார் மாட்டிக்கிச்சு," என்றார் டைரக்டர். "அவன் ஏன் பிள்ளைங்களைப் பூட்டுறான்? குடிகார அப்பான்னு வச்சுப் பார்த்தோம். சித்தி கொடுமைன்னு பார்த்தோம். எதுவும் வேகலை."

"அதெல்லாம் எங்க காலத்துலயே ஊசிப்போச்சு தம்பி" என்றார் வார்டன். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

"நீங்க நடிச்சப்ப மனசுக்குள்ள என்ன காரணம் வச்சுக்கிட்டு நடிச்சீங்க சார்?"

நாற்பது வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. உண்மையான பதில், ஒன்றுமில்லை என்பதுதான். பழைய டைரக்டர், "சாவியைச் சுத்து, சிரி, போய்க்கிட்டே இரு" என்றார். சுற்றினார், சிரித்தார், போய்க்கொண்டே இருந்தார். ஆனால் கூடத்தில் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரணமே இல்லாமல் நாற்பது வருஷம் வில்லனாக இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? கேட்டால் கொடுக்க வேண்டும், இல்லை என்று சொல்லக் கூடாது. நாடகக் கொட்டகையில் அவர் முதலில் கற்றது அதுதான். அழுகை வராவிட்டால் சொந்த வீட்டுச் சாவை நினைத்துக்கொள் என்றுதான் அங்கே சொல்லிக்கொடுப்பார்கள். நடிகனுக்கு வேண்டியவர்களின் கண்ணீரும் அவன் பெட்டியில் இருக்கும் சாமான்தான்.

வாய் பேசுவதற்கு முன் உடம்பு போய்விட்டது. எழுந்தார். வாசல் கதவைச் சாத்தினார். தரையில் குப்புறப் படுத்தார். எழுபத்து நான்கு வயது உடம்பு எட்டு வயதுக்குச் சுருங்கியது. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியில் ஐந்து விரல்களையும் நீட்டினார்.

"வெளிய நின்னு டப்பாவைக் குலுக்கி ஒவ்வொருத்தரா சிரிக்கிறாங்க. மணி அடிச்சதும் ஓடிட்டாங்க," என்றார் தரையோடு தரையாக. "விரல் மட்டும் வெளிய இருக்கு. விரலாவது வெளிய இருக்கட்டும்."

அவர் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். ஓர் உதவி டைரக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். டைரக்டரின் கண் நிறைந்திருந்தது. வார்டனுக்காக ஒருவர் அழுதது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"இது உங்களுக்கு நடந்ததா சார்?"

வார்டன் தலையை அசைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். டைரக்டர் போய் 'ஏன்?' அட்டையைக் கிழித்துப் போட்டார்.

வீடு வரைக்கும் வார்டன் காற்றில் நடந்து வந்தார். வீட்டுப் படியில் கால் வைத்து, மூச்சிரைத்து நின்றபோதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிப் படி ஏறி வந்த மகளின் இரைப்பு அது. என்ன செய்துவிட்டோம் என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். பேசுவது நூறு, எழுதுவது பத்து, எடுப்பது ஒன்று. சினிமாவில் எந்தக் காட்சி கடைசி வரைக்கும் தங்கியிருக்கிறது?

அடுத்த மாதம் டைரக்டர் முழுக் கதையோடு வந்தபோது அது தங்கியிருந்தது. நடுநாயகமாக உட்கார்ந்திருந்தது.

"அந்த சீன் வேணாமே தம்பி. கொஞ்சம் பழைய பாணியா இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார் வார்டன்.

"என்ன சார் நீங்க! தயாரிப்பாளர் சம்மதிச்சதே அந்த அஞ்சு விரலுக்குத்தான். அதைத் தூக்கிட்டாப் படமே இல்லை." டைரக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு சொல்லணும். அந்தக் கதவைத் திறந்து சின்ன வயசு வார்டனை வெளிய கூட்டிட்டு வர்ற ஸ்கூல் ப்யூன் வேஷம் நீங்கதான் பண்றீங்க. நாப்பது வருஷமாப் பூட்டின கை சார். அது திறக்கணும். தியேட்டரே எந்திரிச்சு நிக்கும்."

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். "என்னைக்கு ஷூட்டிங்?" என்று கேட்டார் வார்டன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் படத்தைப் பற்றிச் சொன்னார், அந்தக் காட்சியை மட்டும் விட்டுவிட்டு. அவள் மாத்திரை பிரிப்பதை நிறுத்தினாள்.

"வார்டனை நல்லவனாக்கப் போறாங்களா?"

"நல்லவன்னு இல்ல. பாவம்னு."

"அப்ப என்கூடப் படிச்சதுங்க எல்லாம் வரிசையில வந்து என்கிட்ட மன்னிப்பு கேட்குமா?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்குச் சிரித்தால் அவளுடைய அம்மாவைப் போலக் கன்னம் ஒரு பக்கம் மட்டும் குழியும். "உங்க படம் எதுவும் நான் பார்த்ததில்லைப்பா. அந்தப் படம்கூட. இதுக்கு வர்றேன். முதல் நாளே கூட்டிட்டுப் போங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். "இன்னொரு டீ போடட்டுமா?" என்றார்.

படப்பிடிப்பில், கதவுக்கு அடியில் ஒரு சிறுவன் விரலை நீட்டிக் கிடந்தான். கேமரா தரையோடு இருந்தது. வார்டன் காக்கிச் சட்டையில் வந்து, விரல்களைப் பார்த்து, குனிந்து, கொண்டியை விலக்க வேண்டும். "யாருப்பா உள்ள?" என்பதுதான் வசனம். ஒத்திகையில் சரியாகச் சொன்னார். விளக்கு போட்டு, எல்லோரும் அமைதியாகி, அவர் குனிந்தபோது அந்த நகங்களின் மேல் வெளிச்சம் பட்டது. கொண்டி இரண்டு தடவை வழுக்கிப் பிறகுதான் விலகியது. வாயில் வந்த வசனம் வேறு.

"பாப்பா... வெளிய வா. நான் வந்துட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். "சார், அவன் பையன் சார்" என்று யாரோ நினைவுபடுத்த, "இன்னொரு டேக் போலாம் தம்பி, தப்பாச் சொல்லிட்டேன்" என்றார் வார்டன். டைரக்டர் கேட்கவே இல்லை. "இதுதான் சார் இருக்கும். இதைவிட யாராலயும் பண்ண முடியாது."

அன்று மாலை அடிவாங்கியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அடிவாங்கி கிண்டல் பண்ணவில்லை. அதுவே வார்டனுக்குப் பயமாக இருந்தது.

"பொண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"படம் வர்றதுக்குள்ள சொல்லிடு. அடி வரப்போறது தெரிஞ்சா நாங்க உடம்பைத் தளர்த்திக்குவோம், வலியோட போயிடும். தெரியாம வாங்கினாத்தான்யா எலும்பு போகும்."

"எனக்கா அவளுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை முயன்றார். முதல் ஞாயிறு அவளே பேச்சை எடுத்து, ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் அப்பா நடித்த படம் வருகிறது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். எங்கப்பாதான் அந்த வார்டன் என்று அவள் இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லையாம். இரண்டாவது ஞாயிறு, படத்தின் முதல் காட்சிக்குப் போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வந்தாள். தோளில் வைத்து அளவு பார்த்தாள். அவள் கை தோளில் இருந்தது. அதை அவர் எதற்காகவும் விட்டுக்கொடுக்கத் தயாராயில்லை. ஒருவேளை அவளுக்குப் பெருமையாகக்கூட இருக்கலாம், ஒருவேளை அழுது தீர்த்துவிடுவாள் என்றெல்லாம் எண்ணிப் பார்த்தார். தனக்கு வேண்டியதையெல்லாம் அந்த ஒருவேளைக்குள் போட்டு வைத்தார்.

படம் அதே ஸ்டேஷன் ரோட்டில்தான் வெளியானது. பழைய தியேட்டரை மூன்று சின்ன அரங்குகளாகத் தடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அன்று வேலை, அப்பாவும் மகளும் மட்டும் போனார்கள். மகள் கடைசி இருக்கையை, வெளிவாசலின் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில், கேட்டு வாங்கிக்கொண்டாள். "நீங்க உள்ள உட்காருங்கப்பா" என்றாள்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் அந்தக் காட்சி வந்தது. அவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கைப்பிடியில் விரித்து வைத்திருந்தாள். திரையில் பிள்ளைகள் டப்பாவைக் குலுக்கினார்கள். ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். மணி அடித்தது. ஓடினார்கள். இருட்டு. தரையில் வெளிச்சக் கோடு. அதில் ஐந்து விரல்கள் நீண்டபோது, கைப்பிடியில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. சுண்டுவிரல் கடைசியாக மடங்கியது.

அரங்கம் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். பின்வரிசையில் ஒருவர் தன் பக்கத்திலிருந்தவரிடம், "பாவம்யா அந்த வார்டன்" என்றார். நாற்பது வருஷம் வார்டன் காத்துக்கிடந்த சொல் அது. கல்லில் விழுந்த தண்ணீர் மாதிரி அவர் மேல் பட்டு வழிந்து போனது.

திரையில் அவரே வந்தார். குனிந்தார். கொண்டி வழுக்கியது. "பாப்பா... வெளிய வா. நான் வந்துட்டேன்."

டைரக்டர் சொன்னபடியே தியேட்டர் எழுந்து நின்றது. விசில் பறந்தது. அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. இடைவேளையிலும் அசையவில்லை. கடைசி எழுத்து ஓடி முடிகிற வரை, வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தாள்.

வெளியே படிக்கட்டில் அவரைக் கண்டுகொண்டு கூட்டம் மொய்த்தது. ஒரு பெண் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போனை உயர்த்திப் பிடித்த இளைஞன், "சார், சார், ஒரே ஒரு தடவை. அந்தக் கதவைத் திறக்கிற மாதிரி!" என்றான். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். கூட்டம் கேட்டால் கொடுத்தே பழகிய கை தானாக எழுந்து, இல்லாத கொண்டியை விலக்கியது. கைதட்டல். நிமிர்ந்தபோது இரண்டு படி கீழே மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு இருவரும் தெருவோரமாக நின்றார்கள்.

"பாப்பா, நான் உன்கிட்ட முன்னாடியே..."

"டாக்ஸி சொல்லியிருக்கேன். வந்துரும்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கொஞ்சம் கழித்து, "அந்த ரூம்ல ஒரு வலை இருந்துச்சுப்பா. ஃபுட்பால் வலை. முதல்ல கால்ல சுத்திக்கிச்சு, யாரோ உள்ள புடிச்சுக்கிட்டாங்கன்னு நினைச்சேன். படத்துல அது இல்லை."

"அது எனக்குத் தெரியாதும்மா. நீ சொல்லலை."

"ஆமா. சொல்லலை." மருந்துச் சீட்டைச் சரிபார்க்கிறவள் மாதிரித் தலையசைத்தாள். "நல்லவேளை."

அவர் அவள் கையைத் தொடப் பார்த்தார். கை இன்னும் மூடியே இருந்தது.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. நீங்க கதவைத் திறக்கிறப்ப எனக்கே அழுகை வந்துருச்சு. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, திறந்தது அந்தக் கூட்டுற அம்மா. நீங்க அன்னைக்கு ஷூட்டிங்ல இருந்தீங்க."

"பாப்பா, அவங்க காரணம் கேட்டாங்க. என்கிட்ட வேற எதுவும் இல்லை."

"வார்டனுக்குக் காரணம் வேணும்னா எவ்வளவோ இருந்திருக்கும்." டாக்ஸி வந்து நின்றது. அவள் கதவைத் திறந்து அவரை ஏற்றி உட்காரவைத்தாள், சட்டை நுனி கதவில் மாட்டாமல் உள்ளே எடுத்துவிட்டாள். பிறகு குனிந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"நான் அப்பாகிட்ட சொன்னேன். வார்டன்கிட்ட சொல்லலையே."

டிரைவரிடம் முகவரியைச் சொன்னாள். "வயசானவர், மெதுவாப் போங்க" என்றாள். எதிர்ப்பக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "சார், நீங்க வார்டன்தானே?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மழித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடிவாங்கி இரண்டு தடவை மேலே வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அவர் போன் போட்டால் மகள் எடுத்தாள். சாப்பிட்டீர்களா, தலை சுற்றல் இருக்கிறதா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் வேலை அதிகம் என்றாள். 'அப்பா' என்ற சொல் அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை. டைரக்டரிடம் போய், அந்தக் காட்சியை இப்போதாவது வெட்ட முடியுமா என்று கேட்டார். டைரக்டர் முதலில் சிரித்தார், பிறகு அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்து காரில் கொண்டுவந்து விட்டார்.

படம் பத்து வாரம் ஓடியது. சிறந்த துணை நடிகருக்கான அந்த ஆண்டின் விருது வார்டனுக்குக் கிடைத்தது. உடல்நிலை காரணமாக அவர் விழாவுக்குப் போகவில்லை. அவர் சார்பில் அடிவாங்கி மேடையேறி வாங்கிக்கொண்டார். மகள் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. ரத்த அழுத்த மாத்திரை, காலைக்கும் இரவுக்கும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டு, மாதம் தவறாமல் கூரியரில் வந்தது.